நண்பகலில் நட்ட மனித மரம்

ஓசூர்,
சித்திரை 20, சனிக்கிழமை.

அன்பு மகன் பிரதாப்புக்கும், அவனோடு ஸ்டுட்கார்ட் நகரில் முன்னாள் மாணவர் கிளை என்று பெயர் சூட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் பதின்மூன்று பெருமக்களுக்கும் அம்மா பொற்கொடி எழுதுவது. பெருமக்களே, இது ஒருவன் தனித்துப் படித்து மடித்து வைக்கும் மடல் அன்று. உங்கள் அனைவர் முன்னிலையிலும் என் மகன் இதை உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் படியுங்கள். நீங்கள் படித்த கல்லூரி, காலநிலை மாற்றத்தை எதிர்க்கிறேன் என்று சொல்லி என் மகளை உச்சிவெயிலில் நிறுத்தி வீழ்த்தியது. வீழ்ந்ததற்கு அவளே காரணம் என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும் என்கிறது. அவளைத் தூக்கிய பிள்ளையைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறது. என் முறையீடு இவ்வளவே. இனி வருவதெல்லாம் அதன் விளக்கம்.

நீ நலமா, பிரதாப்? எல்லாரும் நலம் என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்க இம்முறை இயலவில்லை, ஆள் ஆளாகச் சொல்கிறேன். உன் அப்பா உடலால் நலம், ஆனால் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். உன் தங்கை சுப்ரியா எழுந்து உட்காருகிறாள், கஞ்சி குடிக்கிறாள், குளியலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறாள். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, மீண்டுவிடும், ஆனால் ஒரு மாதம் வெயில் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடித்தாள், எவ்வளவு வெளியேறியது என்று சுவரில் மாட்டிய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். நான் நலம். தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். பேசினால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று அணைத்துவிடுகிறாய், தாளை அணைக்க முடியாது. உன் அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார். பக்கத்தை முன்பின்னாக அனுப்பியிருந்தால் பொறுத்துக்கொள், அவருக்கு அந்த விரல் பழக்கம் இன்னும் வரவில்லை.

முதலில் அந்தக் கட்டணத்தைச் சொல்ல வேண்டும், அது உன் காலத்தில் இல்லாதது. சென்ற ஆனி மாதம் சுப்ரியாவின் இரண்டாம் ஆண்டுக் கட்டணச் சீட்டில் காலநிலைப் பொறுப்புக் கட்டணம் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது, பருவத்திற்கு ஆயிரத்து எண்ணூறு. எதற்கு என்று உன் அப்பா அலுவலகச் சாளரத்தில் கேட்டிருக்கிறார். உள்ளே இருந்த இளைஞன் தலையை நிமிர்த்தாமலே, "சார், உலகம் சூடாகுதில்ல, அதுக்கு எல்லாரும் பே பண்ணித்தான் ஆகணும்" என்றானாம். உலகைச் சூடாக்கிய கூட்டத்தின் முதல் வரிசையில் உன் அப்பா சௌந்தரராஜன் நிற்கிறார் பார்த்துக்கொள், இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வருபவர், வீட்டில் இரண்டே மின்விசிறி வைத்திருப்பவர், அதிலும் ஒன்றை ஆள் இல்லாத அறையில் ஓடுகிறது என்று ஓடிப்போய் நிறுத்துபவர். அவர் கட்டிய பணத்தில் கல்லூரி என்ன செய்தது தெரியுமா, தாளாளர் குடும்பத்தின் ஐந்து மகிழுந்துகளுக்குச் சூரியத் தகடு வேய்ந்த நீண்ட கூரை போட்டது. சாலையோரம் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர் தலைக்கு மேல் ஒரு தகரத் துண்டும் இல்லை, மகிழுந்துகள் மட்டும் குளிர்ச்சியாக நிற்கின்றன. கருத்தரங்கக் கூடத்தில் குளிர்சாதனத்தைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு புவி வெப்பமாதல் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் குளிர் தாங்காமல் பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டாராம். வாயிலில் ஒரு மின்பலகை வேறு, இன்று நாம் தவிர்த்த கரியமில வளி இத்தனை கிலோ என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். மழை மூடி இருண்டு கிடந்த நாளிலும் அது அதே வேகத்தில்தான் ஏறுகிறது என்று சுப்ரியா சொல்லிச் சிரிப்பாள். நானும் உடன் சிரித்தேன். சிரித்ததோடு விட்டதுதான் பிழை என்று இப்போது தெரிகிறது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. புவி நாள் என்று ஆயிரத்து இருநூறு மாணவரை விளையாட்டுத் திடலில் மரத்தின் வடிவில் நிறுத்தி, மேலிருந்து டிரோனில் படம் எடுத்து, நாட்டிலேயே மிகப் பெரிய மனித மரம் என்று சாதனை ஏட்டில் பதிய வேண்டும் என்பது தாளாளரின் திருவுளம். இலைக்கு நின்றவருக்குப் பச்சைச் சட்டை, பருத்தி அன்று, காற்றுப் புகாத வழவழப்பான துணி. நடுத்தண்டுக்கு நின்ற தொண்ணூறு பேருக்குச் சாயம் தோய்த்த சணல் சாக்கில் தைத்த மேலாடை, கழுத்திலிருந்து முழங்கால் வரை. உயரமான பிள்ளைகள் தண்டுக்கு என்று பிரித்ததால் சுப்ரியா தண்டில் நின்றாள். அந்தச் சாக்கின் முதுகில் வெள்ளை எழுத்தில் என்ன அச்சிட்டிருந்தது என்பதை உன் கிளையினருக்கு நீயே படித்துக் காட்டு: அன்பளிப்பு, முன்னாள் மாணவர் சங்கம், ஸ்டுட்கார்ட் கிளை, செயலர் பிரதாப் சௌந்தரராஜன். ஆம், பெருமக்களே, நீங்கள் அனுப்பிய பணம் சாக்காகித்தான் எங்கள் பிள்ளைகளின் முதுகில் ஏறியது.

நிகழ்ச்சி காலை எட்டு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஏழு மணிக்கே பிள்ளைகளைத் திடலில் இறக்கினார்கள். வாயிலில் காவலர் ஒவ்வொரு பையையும் துழாவி நெகிழிப் புட்டிகளை எல்லாம் பிடுங்கிப் பெரிய கூடையில் போட்டார்கள், ஏனென்றால் அது நெகிழியற்ற பசுமை வளாகம். எங்கள் மகள் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரும் அந்தக் கூடையில்தான் விழுந்தது. வேண்டுமானால் கல்லூரி முத்திரை பொறித்த எஃகுக் குடுவை உள்ளே விற்பனைக்கு உண்டு, நானூற்று ஐம்பது. பெங்களூரிலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினரோ அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கிக்கொண்டார். அந்த நெரிசலில் வாரம் ஆறு நாள் சிக்குபவர் பல்லாயிரம் பேர், அவர்களுக்காக எந்த மரமும் காத்து நிற்பதில்லை. இவருக்காக நின்றது. எட்டு ஒன்பதாகி, ஒன்பது பத்தரையானது. இடையில் ஒத்திகை என்று டிரோனை ஏற்றிப் பார்த்தால் மரம் காளானைப் போலத் தெரிகிறதாம், கலைத்து மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி பார்த்தால் தண்டு மெலிந்துவிட்டதாம், மறுபடியும் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், "ட்ரங்க்ல இருக்கறவங்க யாரும் அசையாதீங்கப்பா, நீங்க அசைஞ்சா மரமே சாயற மாதிரி தெரியுது!" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். வாயிற்பலகை கரியமில வளியோடு அன்றைய வெப்பத்தையும் காட்டியது, முப்பத்தொன்பது. மேடையில் நீர்த்துளி தெளிக்கும் விசிறிகள் நான்கு. பாகலூரிலிருந்து வரும் மாதேஷ் என்னும் பிள்ளை, சுப்ரியாவின் வகுப்புத்தோழன், இலை வரிசையின் ஓரத்தில் நின்றவன், அப்போது சொன்னானாம், "ஏய் சுப்ரியா, மரத்துக்காச்சும் வேர்ல தண்ணி வுடுவாங்கோ, நமக்கு அதுவுமில்ல பாரு" என்று. சுற்றி நின்றவர் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அவள் சிரித்தது அதுதான் கடைசி. அதன் பிறகு பேச்சுக் குழறியது என்று அருகில் நின்ற பெண் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் விருந்தினரின் வண்டி வாயிலுக்குள் நுழைய, மேளம் கொட்ட, எங்கள் மகள் விழுந்தாள். முன்னே சாயாமல், நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தாளாம். ஒலிபெருக்கியோ யாரும் அசையாதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாதேஷ் ஒருவன்தான் அசைந்தான். இலையைக் கிழித்துக்கொண்டு தண்டுக்குள் ஓடி, அந்தச் சாக்கைக் கத்தியில்லாமல் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்து, அவளைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினான். அறை பூட்டிக் கிடந்தது. கல்லூரியின் மருத்துவ ஊர்தி எங்கே என்று கேட்டால், ஒலியெழுப்பி வழிவிலக்கி விருந்தினரை அழைத்துவர அத்திப்பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்! நோயாளியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டி விருந்தினருக்கு முன்னால் ஊளையிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இன்னொருவனின் இருசக்கர வண்டியில் அவளை நடுவில் அமர்த்தி, தன் சட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து அவள் தலையில் சுற்றி, மாதேஷ் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தான். இன்னும் அரைமணி தாழ்ந்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்யத் திரும்பினார்.

ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள். கல்லூரியிலிருந்து பழக்கூடை ஒன்று வந்தது, அதிலும் பசுமை வளாகம் என்று ஒட்டியிருந்தது. ஆறாம் நாள் மாதேஷ் வீட்டுக்கு ஓர் ஓலை போயிற்று, அணி ஒழுங்கைக் குலைத்து நாட்டளவிலான சாதனை முயற்சியைக் கெடுத்தமைக்காகப் பதினைந்து நாள் இடைநீக்கம் என்று. வரும் புதன்கிழமை பருவத்தேர்வு தொடங்குகிறது. பதினைந்து நாள் என்றால் அத்தனை தாளும் போயிற்று. அவன் அம்மா முனிலட்சுமி அந்த ஓலையைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், என்னிடம் தமிழ். கோபத்தில் மூன்றும் கலந்து வந்தது. "அக்கா, எம்மவன் இன்னா கொலையா பண்ணிட்டான்? வுழுந்த புள்ளையத் தூக்குனான். அதுக்கோசரம் வூட்ல குந்துடான்னா எப்டிக்கா? மரம் கெட்டுப் போச்சாம் மரம். அவங்கோ ஏக்கரா ஏக்கராவா மாந்தோப்ப வெட்டிட்டுத்தானே காலேஜே கட்னாங்கோ, அப்போ எந்த மரம் கெட்டுச்சாம்?" என்றாள். முப்பது ஆண்டாகத் தொழிற்சங்க மேடையில் நான் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. ரோசாத் தோட்டத்து நெகிழிக் கூடாரத்துக்குள் நாள் முழுதும் வேகும் உடம்பு அவளுடையது; வெப்பம் என்றால் என்ன என்று கருத்தரங்கில் கற்றவள் அல்லள்.

நேற்று முன்தினம் வினிதா என்னும் இளம் பேராசிரியை நம் வீட்டுக்கு ஒரு தாளோடு வந்தார். பசுமைக் கழகத்தின் பொறுப்பை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாளில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. சுப்ரியா காலையில் உண்ணாமல் வந்ததையும் ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவையும் மறைத்துவிட்டாள் என்றும், மாதேஷ் என்னும் மாணவன் வரிசையைக் குலைத்து ஓடியதால் உண்டான தள்ளுமுள்ளில்தான் கீழே விழுந்தாள் என்றும், கல்லூரி உடனே முதலுதவி செய்தது என்றும், இதன் பொருட்டு எங்களுக்கு எக்குறையும் இல்லை என்றும் நாங்கள் மனமுவந்து தெரிவிக்கிறோமாம். திங்கள் காலை பத்து மணிக்குள் இது கையெழுத்தாகி வந்தால் சுப்ரியாவின் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்கும். வராவிட்டால் வருகைப் பதிவு குறைவு என்று அவளையும் தேர்வுக்கு விடமாட்டார்கள், ஓர் ஆண்டு போகும். மருத்துவமனையில் கிடந்த நாள்களைத்தான் வருகைக் குறைவு என்கிறார்கள். அவள் அன்று காலை நான்கு இட்டலி தின்றாள், ஊட்டாத குறையாக நானே எடுத்து வைத்தேன் என்றேன் வினிதாவிடம். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியும்மா, நானும் அங்கதான் நின்னேன். நான் சொன்னா எனக்கு வேலை போயிடும். நீங்க போடாதீங்க" என்று தாளையும் கொடுத்து அதையும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்லூரியில் பசுமையாக எஞ்சியிருப்பது அந்தப் பெண்ணின் மனம் ஒன்றுதான் போலிருக்கிறது.

உன் அப்பா என்னிடம் சொல்லாமல் நேற்றுத் தாளாளரைப் பார்க்கப் போனார். இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறார். "உங்க பையன் நம்ம காலேஜோட பெருமை சார். இந்த நிகழ்ச்சிக்கே அவர்தான் ஸ்பான்சர். நம்ம வீட்டு விஷயத்தை நாமளே பேசி முடிச்சுக்கலாமே" என்றாராம் அந்தப் பெருந்தகை. உன் அப்பா திரும்பி வந்து, "ஒரு கையெழுத்துதானே பொற்கொடி, பிள்ளை பரீட்சை எழுதிட்டுப் போகட்டுமே" என்றார். தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, படுத்திருந்த சுப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கச் சொன்னேன். தள்ளுமுள்ளு என்ற சொல் வந்ததும் அவரால் மேலே படிக்க முடியவில்லை. சுப்ரியா கண்ணைத் திறக்காமலே, "அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டா போட்டுக்குங்க. நான் அந்த ஹாலுக்குள்ள போகமாட்டேன். மாதேஷ் வெளிய நிக்க நான் உள்ள உட்கார்ந்து சுற்றுச்சூழல் பேப்பரா எழுதறது?" என்றாள். அதன் பிறகு உன் அப்பா அந்தத் தாளைத் தொடவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன், செயலரே. வியாழனன்று நீ தொலைபேசியில் சொன்னதை உன் கிளையினர் கேட்கட்டும். "அம்மா, மேடையில பேசுற மாதிரி வீட்டுல பேசாதீங்க. ப்ராக்டிகலா இருங்க. சைன் பண்ணிட்டு முடிச்சிடுங்க, அந்தப் பையன் அரியர் எழுதிக்குவான்" என்றாய். அந்தப் பையன்! உன் தங்கையின் உயிரைப் பல்லால் கடித்து மீட்டவனுக்கு உன் வாயில் ஒரு பெயர்கூட இல்லை. அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவன். ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு வரி ஏறினால் அவனுக்கு வரும் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் அவன் வார்ப்படப் பட்டறைக்குப் போவான், அவன் அப்பா நிற்கும் அதே உலைக்கு முன். நீ அரியர் என்று சொல்வது அவனுக்கு வாழ்நாள். இதைச் சொன்னபோதுதான் நீ வாய்தவறி அந்தச் செய்தியைச் சொன்னாய். கல்லூரி அன்று நிகழ்ச்சியை வெளிநாட்டுக் கிளைகளுக்காக நேரலையாக விட்டது, பிறகு அதை நீக்கிவிட்டது, ஆனால் பெரிய திரையில் உன் கிளையினருக்கு நேரலையாகப் போட்டுக் காட்டியபோதே நீ அதை முழுவதும் பதிந்து வைத்திருக்கிறாய். சுப்ரியா விழுவதும், விழுந்த பின் மாதேஷ் ஓடுவதும், மூலையில் மணியும் அதில் தெரிகின்றன. "எங்கிட்ட இருக்குமா, ஆனா வெளிய விட்டா காலேஜ் பேர் கெட்டுடும், எங்க கிளை பேரும் கெடும், அடுத்த மாசம் அவார்டு வேற இருக்கு" என்றாய். சிறந்த முன்னாள் மாணவர் விருதாம்.

நான் உன்னை அடித்து வளர்த்ததில்லை. அன்று முதன்முறையாகக் கை நீண்டது, எதிரில் தொலைபேசிதான் இருந்தது. பதினான்கு பேர் வெதுவெதுப்பான அறையில் கூடி அமர்ந்து, தாய்நாட்டின் காலநிலைக்கு நம் பங்கைச் செலுத்துவோம் என்று கைதட்டியபடி, உங்கள் பெயர் அச்சிட்ட சாக்குக்குள் ஒரு பெண் வெந்து விழுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தும் ஒருவர்கூடக் கல்லூரிக்கு அழைத்து, நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. படம் சற்றுத் தடைபட்டது, யாரோ மயங்கினார்கள் போல என்று நினைத்தோம் என்கிறாய். யாரோ! காலநிலை மாற்றத்திற்கு யார் விலை கொடுப்பது என்று நீங்கள் மாதந்தோறும் கருத்தாடல் நடத்துகிறீர்களாமே, முனிலட்சுமி வீட்டு வாசலில் ஒரு முறை நடத்திப் பாருங்கள். கட்டணத்தை மாணவர் கொடுத்தார்கள், தண்ணீரைக் கூடையில் கொடுத்தார்கள், உடம்பைத் திடலில் கொடுத்தார்கள், இப்போது பொய்யையும் கையெழுத்தாகக் கொடுக்கச் சொல்கிறது கல்லூரி. கொடுக்காமல் வாங்க மட்டும் செய்பவர் சூரியக் கூரை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறிப் போகிறார். ஒரு கல்லூரிக்கு உண்மையில் அக்கறை இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று அறிய ஆராய்ச்சி மையம் எதற்கு? சித்திரை வெயிலில் வகுப்பைக் காலை ஏழுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்திருக்கும். திடலில் பிள்ளைகளை ஏற்றவே மாட்டோம் என்றிருக்கும். வகுப்பறைக் கூரைக்குச் சுண்ணாம்பு பூசி, தாழ்வாரம்தோறும் தண்ணீர்த் தொட்டி வைத்து, முதலுதவி அறையைத் திறந்து ஒரு செவிலியை உட்கார வைத்திருக்கும். இவற்றை மேலிருந்து டிரோனில் படம் எடுக்க முடியாது. அதனால்தான் செய்யவில்லை.

என் பங்கையும் மறைக்கமாட்டேன். ஆலை வாயில்தோறும் நின்று கூலி கேட்டு முழங்கிய பொற்கொடி, அந்த ஆயிரத்து எண்ணூறைக் கடைசி நாளுக்குக்கூடக் காத்திராமல் முதல் நாளே கட்டினாள். முன்னொரு தைத்திங்களில் அதே கல்லூரியின் முத்தமிழ் விழாவில் பேசிவிட்டுத் தாளாளர் கையால் பொன்னாடை வாங்கிக்கொண்டவளும் நான்தான். அந்தக் கூச்சம்தான் கட்டணத்தைப் பற்றி என்னைக் கேட்கவிடாமல் செய்தது. செவ்வாயன்று காலை, "அம்மா, இந்தச் சாக்கு குத்துது, போகலைன்னா என்ன?" என்று சுப்ரியா கேட்டபோது, வருகைப் பதிவு போய்விடும், அண்ணன் பெயர் வேறு போட்டிருக்கிறது, போய் நின்றுவிட்டு வா என்றேன். உள்ளே பருத்தித் துணி வைத்து, நானே நான்கு ஊக்கு குத்தி அனுப்பினேன். அந்த ஊக்குகள்தான் மாதேஷின் உதட்டைக் கிழித்திருக்கின்றன. முனிலட்சுமியிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வுடுக்கா, நீ இன்னா வேணுமின்னா பண்ணே" என்றாள். அவள் என்னைப் பொறுத்துக்கொண்டாள்; அதைச் சுமந்துகொண்டு நான் அந்தத் தாளில் என் பெயரை எழுத முடியாது.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். நான் கையெழுத்துப் போடமாட்டேன், உன் அப்பாவும் போடமாட்டார். திங்கள் காலை ஆறு மணிப் பேருந்தில் நானும் முனிலட்சுமியும் கிருட்டிணகிரிக்குப் போகிறோம், மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள். இரண்டு பிள்ளைகளும் புதனன்று தேர்வு எழுத வேண்டும், இடைநீக்கத்தை நீக்க வேண்டும், கட்டணத்தின் கணக்கை வெளியிட வேண்டும் என்று மனு எழுதியாயிற்று. தட்டச்சு செய்துகொடுத்த கடைக்காரர் படித்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். உன் அப்பா முதன்முறையாக விடுப்பு எடுத்துச் சுப்ரியாவோடு வீட்டில் இருப்பார். ஆனால் எங்கள் கையில் இருப்பது சொல் மட்டும். அவர்கள் பக்கம் முத்திரையும் இருக்கிறது, வழக்கறிஞரும் இருக்கிறார். தள்ளுமுள்ளு நடக்கவில்லை, அவள் முதலில் விழுந்தாள், அவன் பின்னால் ஓடினான் என்பதற்கு மறுக்க முடியாத சான்று இவ்வுலகில் ஒன்றே ஒன்று, அது உன்னிடம் இருக்கிறது. நீ அனுப்பினால் மாதேஷ் தேர்வெழுதுவான். நீ அனுப்பாவிட்டாலும் நான் போவேன், ஆட்சியர் கேட்டால், சான்று என் மகனிடம் இருக்கிறது, அவன் விருதுக்காக அதை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று உன் பெயரைச் சொல்லியே பேசுவேன். மேடையில் பேசுவதுபோல்தான் பேசுவேன்.

நீ நெடுநாள் நோயின்றி வாழ வேண்டும், உன் உழைப்பு உனக்குப் பலன் தர வேண்டும், நல்லவர் நாலு பேர் உன்னைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இதில் சினம் ஏதும் கலக்கவில்லை, பெற்ற வயிறு சொல்வது. வேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு மூக்கடைத்தால் நீராவி பிடி, மாத்திரையை நம்பாதே. சுப்ரியாவிடம் பேசு, அவள் கேட்கவில்லை, ஆனால் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் திரையைப் பார்க்கிறாள்.

இப்போது படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்திரு. அந்தப் பதிவை முழுமையாக, ஒரு நொடியும் வெட்டாமல், உன் அப்பாவின் எண்ணுக்கும் இத்தோடு படமாக வரும் மனுவின் மேலே நான் எழுதியிருக்கும் ஆட்சியர் அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்பு. கண்டது இது என்று உன் பெயரில், உன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி இணை. பதின்மூன்று பேரும் கையெழுத்திடட்டும். சாக்கின் முதுகில் கிளையின் பெயரை அச்சிட அஞ்சாதவர்கள் சான்றின் கீழே தம் பெயரை எழுதவும் அஞ்சக்கூடாது. விருது வேண்டாம் என்று தாளாளருக்கு இன்றே எழுது, நிதியை நிறுத்து. எங்களுக்குத் திங்கள் காலை பத்து மணி என்றால் உனக்கு ஆறரை. அதுவரை காத்திராதே, இந்த நிமிடமே அனுப்பு.

உன் அம்மா,
பொற்கொடி